கொலைகாரன் பிறக்கிறானா, உருவாக்கப்படுகிறானா?

கொடூரமாகக் கொலை செய்பவன் பிறவியிலேயே அப்படியா, வளர்ப்பு அப்படி ஆக்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அவன் ரத்தமே அப்படி’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நியூசிலாந்தின் டனீடின் நகரத்துக் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது.

1972-73இல் அங்கே பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் விடாமல் கவனித்து வருகிறார்கள். 2002இல் வெளியான ஆய்வில், அவர்களில் ஆண்களிடம் எம்ஏஓஏ என்ற மரபணுவைப் பார்த்தார்கள். மூளையில் செரோடோனின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு அது. அதன் வேகம் குறைந்த வகை இருந்தும் ஒழுங்கான வீட்டில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். அதே வகையோடு சின்ன வயதில் கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவர்கள் அந்த ஆண்களில் வெறும் 12 சதவீதம். ஆனால் வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் கணக்கில்! (வன்முறை என்றதும் கொலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அடிதடி வகையறாவும் சேர்த்திதான்.) பத்திரிகைகள் இந்த வேகம் குறைந்த வகைக்குப் ‘போர்வீரன் மரபணு’ என்று பெயர் சூட்டிக் கூத்தடித்தன. அந்த ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இருந்த சமாச்சாரம். அத்தனை பேருமா கத்தியோடு திரிந்தார்கள்?

அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபாலன் கதை இன்னும் சுவாரசியம். கொலையாளிகளின் மூளைப் படங்களை ஆராய்ந்தவர் அவர். தன் குடும்பத்தாரின் படங்களைப் புரட்டியபோது ஒன்று அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. யாருடையது என்று பார்த்தால், அவருடையதே! அவர் முன்னோரில் கொலைப்பழி சுமந்தவர்களும் உண்டு. அவரோ கடைசிவரை பேராசிரியர், குடும்பஸ்தர். தன்னைக் காப்பாற்றியது அன்பான வளர்ப்புதான் என்று அவரே சொன்னார்.