16ஆவது லைட் கேவல்ரியின் வம்சாவளி: கேள்வி பதில்

இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்களின் பூர்வீகம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி 16ஆவது லைட் கேவல்ரியைப் பற்றியவை. எனக்கும் பிடித்த ரெஜிமென்ட் அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் ரெஜிமென்டுக்கு எண் 1. ஆற்காட்டில் பிறந்ததற்கு 16. அப்படியானால் ஸ்கின்னர்தானே மூத்தது?

இல்லை. எண்ணைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள். 16ஆவது, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் படையில் 1776இல் உருவானது. 1784இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் 1803. பிறகு எண் எப்படி மாறியது? 1857 கிளர்ச்சியில் வங்காளத்தின் பழைய நிரந்தரக் குதிரைப்படை அழிந்துபோனது. 1861இல் மிச்சமிருந்த பிரிவுகளுக்கு ஒன்றிலிருந்து புதிதாக எண் போட்டார்கள். ஸ்கின்னருக்கு முதல் இடம் கிடைத்தது. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் மூன்று மாகாணப் படைகளையும் ஒரே வரிசையில் கோத்தபோது வங்காளம் முன்னால் நின்றது. மதராஸின் மூன்று ரெஜிமென்ட்களுக்கு 26, 27, 28 கிடைத்தன. நம்முடையது 27. அதுவே 1922இல் 16 ஆனது. மாகாணங்களை அடுக்கிய வரிசை இது. பிறந்த வரிசை அல்ல.

1922இல் பல ரெஜிமென்ட்களை இணைத்தார்களே, இது தப்பியதா?

தப்பியது. 39 ரெஜிமென்ட்கள் 21 ஆயின. 36 ஜோடி சேர்ந்தன. 27, 28, கைட்ஸ் என்ற குதிரைப்படை ஆகிய மூன்று மட்டும் தனித்து நின்றன. அதனால் 16ஆவதின் வம்சாவளியில் கிளை சேரவே இல்லை. மதராஸ் ரெஜிமென்ட்களுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மற்ற இடங்களில் சில்லேதார் முறை: சவார், அதாவது குதிரைவீரர், தன் குதிரையையும் தளவாடங்களையும் தானே கொண்டுவர வேண்டும், அல்லது அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். மதராஸில் குதிரை அரசுடையது. முதல் உலகப்போரில் குதிரைகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது அந்தச் சில்லேதார் முறை தாங்கவில்லை.

ஜனாதிபதி மெய்க்காவல் படை 1773. 16ஆவது 'இந்தியாவிலேயே பழமையானது' என்பது தவறில்லையா?

சரியான கேள்வி. மெய்க்காவல் படையை வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் அமைத்தார். குதிரைப்படை என்ற அளவில் அதுவே மூத்தது. கவசப் படையில், அதாவது குதிரையிலிருந்து டாங்கிக்கு மாறிய படையில், மூத்தது என்று சொன்னால்தான் 16ஆவதுக்குப் பொருந்தும்.

(தொடர்ச்சி) நவாபிடம் இருந்த காலத்தை ஏன் சேர்க்கிறீர்கள்? ஸ்கின்னரின் ஆட்களும் மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில் இருந்தவர்கள்தானே? அவர்களுக்கு மட்டும் 1803 என்றால் இவர்களுக்கு 1784 தானே?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. 1803 டெல்லிப் போருக்குப் பின் சிந்தியாவின் குதிரைவீரர்கள் சரணடைந்து வந்தார்கள்; அவர்களைக் கொண்டு ஸ்கின்னரின் கீழ் புதிய படை உண்டானது. 1784இல் நடந்தது வேறு. ஏற்கெனவே ரெஜிமென்டாக இருந்த ஒன்று, ஆட்களோடு கைமாறியது. 1781இல் சோளிங்கரில் ஹைதர் அலியை எதிர்த்த போரின் பெயர் அதன் விருதுப் பட்டியலில் இருக்கிறது. 1784இல்தான் பிறந்தது என்றால் அந்தப் பெயரை எங்கே வைப்பீர்கள்?

7, 16ஐ விடச் சிறிய எண். அப்போது 7ஆவது லைட் கேவல்ரி மூத்ததா?

முதல் பதிலைப் படியுங்கள். 7ஆவது 1784; பழைய 28.

இந்த இரண்டுக்கும் வேறு என்ன தொடர்பு?

1923இல் இந்திய அதிகாரிகளை நியமிக்கத் தேர்ந்தெடுத்த எட்டுப் பிரிவுகளில் குதிரைப்படை இவை இரண்டுமே.

தாத்தா பர்மாவில் 16ஆவதில் இருந்தார். பதிவை எங்கே தேடுவது?

பணிப்பதிவுக்கு அகமதுநகரிலுள்ள கவசப் படைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். ராணுவ எண் தெரிந்தால் குறிப்பிடுங்கள். அவர் இருந்த காலம் எது என்று புரிந்துகொள்ள: ரெஜிமென்ட் கவசக் கார்களோடு குவெட்டாவிலிருந்து இம்பாலுக்குச் சாலைவழியே போனது. தலைவர் ஜே.என். சௌத்ரி. 1945இல் பர்மாவின் மெய்க்டிலா நகரைப் பிடித்து, காத்து, ரங்கூன் சாலையில் முன்னேறியது. அதே சௌத்ரிதான் 1965இல் ராணுவத் தளபதி. அந்த ஆண்டு ரெஜிமென்ட் செஞ்சூரியன் டாங்கிகளோடு பாகிஸ்தானின் பில்லோராவில் போரிட்டது.

பரம்வீர் சக்ரா பெற்ற தாராபோர் இந்த ரெஜிமென்ட்தானே?

இல்லை, 17ஆவது பூனா ஹார்ஸ். அதே களம், வேறு ரெஜிமென்ட்.

9, 14இல் எது பழையது?

எண்ணை வைத்துக் கேட்கும் கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.

இன்றும் குதிரையேறும் ரெஜிமென்ட்?

ஜெய்ப்பூரின் 61ஆவது கேவல்ரி, 1953. பழைய வரிசையில் வந்ததல்ல. குவாலியர், ஜோத்பூர், மைசூர் போன்ற சமஸ்தானப் படைகளிலிருந்து உருவானது. மைசூர், ஜோத்பூர் லான்சர்கள் 1918 செப்டம்பர் 23இல் ஹைஃபாவைப் பிடித்த பெருமை இதன் வழி வருகிறது. அதைப் பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.