பழைய டேபிள் சா (மேஜை ரம்பம்): பிளேடு ஏற்ற இறக்கக் கோளாறுகள், கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மரப்பட்டறைக்காரர்கள் கேட்டவை. பெரும்பாலும் 10 இன்ச் பிளேடு போடும் வார்ம் கியர் மெஷின்கள். ஹேண்ட் வீலைச் சுற்றினால் தண்டில் உள்ள வார்ம் (திருகு போன்ற கியர்) சுழன்று அரைவட்டப் பல்லைத் தள்ளும். பல்லோடு சேர்ந்த இரும்புக் கை, ஆர்பரையும் (பிளேடு பூட்டும் தண்டு) பிளேடையும் தூக்கும். எதைத் தொடும் முன்பும் மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் என்றால் மூன்றையும்.

பாலக்கோடு: அண்ணா, வீல் ரொம்ப இறுக்கம். கிரீஸ் வச்சேன், கொஞ்ச நாள் நல்லா இருந்துட்டு திரும்ப இறுகிடுச்சு.

கிரீஸ்தான் காரணம் தம்பி. மரத்தூள் அதில் ஒட்டி, பல்லின் அடியில் கெட்டியாக அடைந்துவிடும். லாக் நாப் (உயரத்தைப் பூட்டும் குமிழ்) முழுக்கத் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். பிளேடை முழுக்க ஏற்றி ஒருமுறை, முழுக்க இறக்கி ஒருமுறை. அப்போதுதான் வார்முக்குள் மறைந்திருக்கும் பற்களும் வெளியே வரும். பல்லின் அடியில் இறுகியதை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுங்கள். பெல்ட்டில் மண்ணெண்ணெய் படக்கூடாது, துணி சுற்றுங்கள். வாடை முழுக்கப் போன பிறகே கரண்ட் கொடுங்கள்.

பல்லுக்கு கிராபைட் பவுடர் அல்லது மெழுகுவத்தித் தேய்ப்பு போதும். தண்டு சுழலும் புஷ்ஷுக்கு மட்டும் இரண்டு சொட்டு மெஷின் ஆயில். இறுகிய வீலைப் பலம் போட்டுச் சுற்றாதீர்கள், வார்மைத் தண்டோடு பிணைக்கும் பின் அறுந்துவிடும். அறுந்தால் வீல் சும்மா சுற்றும், பிளேடு அசையாது. அதே அளவு ரோல் பின்னையே போடுங்கள். ஆணியை வெட்டி அடித்தால் துளை அகலமாகி, அடுத்த முறை தண்டையே மாற்ற வேண்டி வரும்.

ஊத்தங்கரை: வீலை கால் சுத்து சுத்தின பிறகுதான் பிளேடு அசையுது. எங்க இறுக்கணும்?

ஆட்டம் இரண்டு இடத்தில் இருக்கலாம். எந்த இடம் என்று தெரியாமல் எதையும் இறுக்க வேண்டாம். வீலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், பிறகு உள்ளே தள்ளுங்கள். தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால், அதை நகராமல் பிடிக்கும் வளையமான காலர் தளர்ந்திருக்கிறது. காலரில் உள்ள சிறிய கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, காலரை பிராக்கெட்டோடு ஒட்டித் தள்ளி இறுக்குங்கள். இடையில் காகிதக் கனம் இருந்தால் போதும். வாஷர் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள்.

தண்டு நகராமல் வீல் மட்டும் சும்மா திரும்பினால் ஆட்டம் வார்முக்கும் பல்லுக்கும் நடுவில். சில பழைய மெஷினில் தண்டின் புஷ் எக்ஸென்ட்ரிக்காக (துளை மையம் விலகி) இருக்கும்; அதன் லாக்கைத் தளர்த்தி லேசாகத் திருப்பினால் வார்ம் பல்லை நெருங்கும். கவனிக்க வேண்டியது, பல் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்வதில்லை. முக்கால் இன்ச், ஒரு இன்ச் பலகையே அதிகம் ஓடுவதால் அந்த உயரத்துக்கான பற்கள்தான் தேயும். அங்கே வைத்து இறுக்கினால் மேலே ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும். ஆகவே தேயாத உயரத்தில், வீல் இலகுவாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் நெருக்குங்கள். நடுவில் மிஞ்சும் ஆட்டத்தை விட்டுவிடலாம், கீழே அரூர்க்காரருக்குச் சொல்லும் முறையில் வேலை செய்தால் அது தொந்தரவு தராது.

அரூர்: ஐயா, புளிய மரத்துல காடி எடுக்கிறேன். முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் ஆழத்துல 1 மில்லி வித்தியாசம் வருது.

பிளேடை மேலே ஏற்றிவிட்டு, கொஞ்சம் இறக்கி அளவு வைக்கிறீர்களா? அப்படி இறக்கும்போது கையின் பிவட் (கை திரும்பும் அச்சு) இறுக்கமாக இருந்தால், கை வார்மோடு சேர்ந்து இறங்காமல் மேலேயே நின்றுவிடும். புளி போன்ற கெட்டி மரத்தில் அதிர்வு அதிகம்; நாலைந்து பலகை ஓடியதும் அந்த இடைவெளி அளவுக்குக் கை கீழே உட்கார்ந்துவிடும். அளவைத் தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று இறக்கி, மறுபடி ஏற்றியே அளவில் நிறுத்துங்கள். பிறகு லாக் நாப். லாக் பிடிக்கும் முகத்தில் எண்ணெய் இருந்தால் வழுக்கும், துடைத்துவிடுங்கள். மழுங்கிய பிளேடும் அதிர்வைக் கூட்டும்.

காவேரிப்பட்டணம்: எங்களது பழைய வார்ப்பு மெஷின், பிளேடு அப்படியே இருக்கும், மேஜைதான் ஏறி இறங்கும். மேஜை ஆடுதே?

அதில் சறுக்கும் பாதையின் ஓரத்தில் ஒரு பட்டையும் அதை அழுத்தும் ஸ்க்ரூக்களும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மேஜை பிடிக்கும்வரை இறுக்கி, கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்வாங்கி நட்டைப் பூட்டுங்கள். அதற்குப் பிறகும் உயரம் நிற்கவில்லை என்றால் தூக்கும் ஸ்க்ரூவின் நட் தேய்ந்திருக்கும். லேத்தில் புதிது கடைய, பழைய ஸ்க்ரூவையும் எடுத்துப் போங்கள். இடது மரையா வலது மரையா என்று பார்த்துச் சொல்லாவிட்டால் நட் வீணாகிவிடும்.

தேன்கனிக்கோட்டை: பிளேடு ரெண்டரை இன்ச்சுக்கு மேல ஏறல.

10 இன்ச் பிளேடு நேராக நிற்கும்போது 3 இன்ச்சுக்குச் சற்று மேலே வர வேண்டும். அரைவட்டப் பல்லின் கோடியில் தூள் இறுகியிருக்கும், அல்லது ஸ்டாப் போல்ட் நகர்ந்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால், ஆர்பரின் வாஷர் மேஜையின் அடியில் உரசும் முன்பே நிற்கும்படி வையுங்கள்.

பென்னாகரம்: எவ்வளவு உயரம் வச்சு அறுக்கணும்?

பலகைக்கு மேல் ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). அளக்கும்போது ஒரு பல்லை உச்சிக்குக் கொண்டுவந்து அளக்கவும்.

மாரண்டஅள்ளி: கீழ இருக்கும்போது மூலைமட்டம் சரியா உட்காருது, ஏத்தினா பிளேடு சாயுது.

ஏற்ற இறக்கக் கியரில் குறை இல்லை. கையின் பிவட் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது மேஜையின் அடியில் டிரனியன் (பிளேடைச் சாய்க்கும் வளைந்த தாங்கி) போல்ட்கள் தளர்ந்திருக்கின்றன. போல்ட்களை இறுக்கிப் பாருங்கள். பிறகும் சாய்ந்தால் புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும். முடித்ததும் மைட்டர் காடிக்கு (மேஜை மேலுள்ள நீளக் காடி) பிளேடு இணையாக ஓடுகிறதா என்று ஒரே பல்லை வைத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். டிரனியனைத் தொட்டால் அது மாறிவிடும்.