பழ வடிவ பான்கேக்: கலர் பொடி இல்லாமல் நிறம் நிற்குமா?

கேள்வி: கோடை விடுமுறையில் 5 வயது மகளுக்குக் காலையில் தர்பூசணி, மாம்பழம் மாதிரி பான்கேக் செய்து தர ஆசை. கலர் பொடி வேண்டாம். பீட்ரூட் சாறு எவ்வளவு ஊற்றினாலும் கல்லில் போட்டதும் மண் நிறமாகிவிடுகிறது. என்ன தவறு?

பதில்: நிறம் நன்றாகவே நிற்கும். ஆனால் சாற்றை இன்னும் இன்னும் ஊற்றுவதில் பயன் இல்லை. அனேகமாக நீங்கள் தோசைக்கு வைக்கும் சூட்டிலேயே ஊற்றுகிறீர்கள், மாவு உப்ப சமையல் சோடா போடுகிறீர்கள், சர்க்கரையும் தாராளமாகப் போடுகிறீர்கள். பீட்ரூட் சிவப்புக்கு இந்த மூன்றுமே ஆகாது. அதிக சூட்டில் அந்த நிறமி சிதையும். சோடாவின் காரத்தன்மையில் (புளிப்புக்கு நேர் எதிரான தன்மை) பழுப்பு மஞ்சளாகும். மிச்சம் மீதி நிறத்தையும் சர்க்கரை கருகி மூடிவிடும்.

முதலில் அடிப்படை மாவு. மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன் மட்டும், உப்பு கால் டீஸ்பூன், முட்டை 1, பால் 150 மில்லி, உருக்கிய வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். 4 அங்குல அளவில் ஏழெட்டு வரும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்கு ஈடான அமிலமும் இருப்பதால் மாவில் காரத்தன்மை ஏறாது. வெறும் சோடாவை அதன் இடத்தில் போட்டால் இந்தக் கணக்கே தப்பிவிடும். முட்டை வேண்டாம் என்றால் கெட்டித் தயிர் 4 டேபிள்ஸ்பூன். மாவு இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருக்கட்டும். சிறு கட்டிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். அடித்து அடித்துக் கரைத்தால் பான்கேக் ரப்பராகும். 10 நிமிடம் ஊறவிட்டு, கிண்ணங்களில் பிரித்து, அதன்பிறகு நிறம் சேர்க்கலாம்.

'மைதாவா?' என்று யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: பாதி கோதுமை மாவு போடலாம், பால் மட்டும் 2 டேபிள்ஸ்பூன் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் கோதுமைக்கே ஒரு பழுப்பு உண்டு, இளஞ்சிவப்பு அதில் பளிச்சென்று வராது. வாரத்தில் ஒரு காலை மைதா சாப்பிடுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமையில் மாம்பழ பான்கேக் மட்டும் செய்யலாம். அந்த மஞ்சளுக்குக் கோதுமை இடைஞ்சல் இல்லை.

தர்பூசணி செய்யத் தர்பூசணிச் சாறு உதவாது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான். மாவு நீர்த்துப்போகுமே தவிர நிறம் ஏறாது. சிவப்புக்குப் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு 2 டேபிள்ஸ்பூன், அதோடு எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். இந்தப் புளிப்புதான் சிவப்பைக் காப்பாற்றும். எலுமிச்சை சேர்த்ததும் மாவு பொங்கத் தொடங்கும் என்பதால் உடனே ஊற்றிவிட வேண்டும். பச்சைக்குப் பத்துப் பன்னிரண்டு பாலக் கீரை இலைகளைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றி, 2 டேபிள்ஸ்பூன் பாலில் அரைத்து வடிகட்டுங்கள். இதில் மட்டும் எலுமிச்சையோ தயிரோ கூடாது. சிவப்பைக் காக்கும் அதே புளிப்பு கீரைப் பச்சையை மங்கலான ஆலிவ் நிறமாக்கிவிடும். முட்டை சேர்க்காதவர்கள் பச்சை மாவை மட்டும் தயிர் இல்லாமல் கூடுதல் பாலில் கரைத்துக்கொள்ளுங்கள்.

இனி கல். தோசைக்கல் வேண்டாம், நான்-ஸ்டிக் போதும். எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தரம் துடைத்து, பிறகு உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கும் இடமெல்லாம் புலித்தோல் மாதிரி பழுப்புத் திட்டு விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது துள்ளி ஓடக்கூடாது, அதே இடத்தில் மெதுவாகச் சிணுங்கி வற்ற வேண்டும். அதுதான் சரியான சூடு. அடுப்பு கடைசி வரை சிம்மில்.

காலி சாஸ் பாட்டிலில் பச்சை மாவை நிரப்பி வட்டமாக ஒரு கோடு இழுங்கள். பாட்டில் இல்லையென்றால் சுத்தமான பால் பாக்கெட் கவரின் மூலையை வெட்டிக்கொள்ளலாம். அரை நிமிடம் பொறுத்து, அந்தக் கோடு ஓரம் இறுகியதும், உள்ளே ஒட்டினாற்போல் வெள்ளை மாவில் மெல்லிய வளையம், நடுவில் சிவப்பு. அவசரப்பட்டால் இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கசியும். மேல்பக்கம் பளபளப்பு போய், ஓரக் குமிழிகள் வெடித்து ஓட்டை மூடாமல் நின்றால் திருப்புங்கள். மறுபக்கம் 40 விநாடி போதும்.

பலர் கவனிக்காத ஒன்று: கல்லைத் தொட்டிருந்த பக்கம்தான் முகப்பு. ஆகவே விதைகளை மாவு ஈரமாக இருக்கும்போது தூவினால் அவை முதுகுப் பக்கம் போய்விடும். திருப்பிப் போட்டபின் மேலே வந்த சூடான முகப்பில் சாக்லேட் சிப்ஸை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அடி லேசாக இளகி ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் பெயரை மாவில் எழுதுவதென்றாலும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும்.

மாம்பழம் இதைவிட எளிது. அதன் மஞ்சள் சூட்டுக்கு அஞ்சாது. பாலில் 60 மில்லியைக் குறைத்து, அதே அளவு பங்கனப்பள்ளி விழுது சேர்த்தால் போதும். பழத்தில் இனிப்பு இருப்பதால் சர்க்கரையை அறவே விட்டுவிடுங்கள், இல்லையேல் சீக்கிரம் கருகும். நிறம் போதாவிட்டால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சோடா போட்ட மாவில் மஞ்சள்தூள் சேர்ந்தால் சிவந்துவிடும், குங்குமம் செய்யும் அதே வேதியியல்தான். ஊதாவுக்குக் கருப்பு திராட்சைத் தோலைக் கொதிக்கவைத்த சாறு சேர்த்தால், பாலும் முட்டையும் கலந்த மாவில் அது சாம்பல் நிறமாகத் தெரியும். சில சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா திரும்பும்.

அன்னாசி வளையத்தைப் பச்சையாக மாவில் தோய்க்காதீர்கள். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால், முட்டைப் புரதங்களைச் சிதைக்கும், மாவு கசக்கும். பழத்தின் நீரும் சேர்ந்து வளையத்தைச் சுற்றி மாவு வேகாமல் களியாக நிற்கும். இருபுறமும் 2 நிமிடம் கல்லில் வாட்டி, ஈரம் வற்றியபின் மேலே மாவை ஊற்றுங்கள்.

வீடியோக்களில் வரும் பான்கேக் நெயில் பாலிஷ் போல் ஜொலிப்பது செயற்கைச் சாயத்தால். உங்களுடையது கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அதில் உங்கள் கைக்குறை எதுவும் இல்லை. ரோடமைன் பி சாயத்துக்காகத் தமிழ்நாட்டு அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனையையே தடை செய்தது. அது துணிக்குப் போடும் சாயம். அப்படியிருந்தும் வீட்டுச் சமையலில் பெயர் தெரியாத கலர் பொடியைக் கேள்வி கேட்காமல் போடுகிறோமே, அதுதான் வேதனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். கோடைப் பயிற்சி வகுப்புகளைக் காலை ஆறரை மணிக்கு வைப்பதை யாராவது நிறுத்தினால் நல்லது. வெயிலுக்கு முன் முடிக்கிறார்களாம். பள்ளி நாட்களில்தான் குழந்தைகள் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள் என்றால் விடுமுறையிலுமா? உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம் இருக்கும் காலையில்தான் இந்த வேலையெல்லாம் செய்ய முடியும்.

காலையில் நேரம் இல்லாதவர்கள் முந்தின இரவே சுட்டுவிடலாம். கரைத்த மாவை வைக்காதீர்கள், விடிவதற்குள் பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். சுட்டு ஆறியதை பட்டர் பேப்பர் இடையிட்டு டப்பாவில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மூடிபோட்ட கல்லில் சிம்மில் ஒரு நிமிடம் சூடாக்கினால் போதும். தட்டில் பக்கத்தில் திராட்சை வைப்பதானால் 5 வயதுக் குழந்தைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.