கரப்பான் போய் சொரியாசிஸ் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. சின்ன வயதிலிருந்தே கரப்பான் (எக்சிமா). டூபிலுமாப் ஊசி ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. அரிப்பு அடங்கி, ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். ஆனால் இப்போது முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாகப் படை. சொரியாசிஸ் போல இருக்கிறது என்கிறார்கள். ஒரு நோய் இன்னொன்றாக மாறுமா? ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. ஏழு மாதத் தூக்கம் லேசான விஷயமில்லை.

இரண்டு நோயிலும் பங்கெடுப்பது உதவி டி செல் என்ற வெள்ளணு. அது முதிரும் இடமான தைமஸ் சுரப்பியிலிருந்து வெளியே வரும்போது அதற்கு இன்ன வேலை என்று எதுவும் முடிவாகியிருக்காது. நிணநீர் முடிச்சில் முதன்முதலாக எதிரியின் துணுக்கைப் பார்க்கும் நேரத்தில், சுற்றிலும் எந்தச் சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதம்) சுரக்கிறதோ அதை வைத்தே அதன் வழி அமைகிறது. இன்டர்லூக்கின்-4 என்ற சைட்டோகைன் இருந்தால் டிஎச்-2 என்ற வகை ஆகும். குடற்புழுவை விரட்டுவது அந்த வகைதான், கரப்பானைக் கிளப்புவதும் அதுதான். டிஎச்-17 என்ற இன்னொரு வகை பூஞ்சைகளை எதிர்க்கும். சொரியாசிஸில் மிஞ்சி நிற்பதும் அதுவே.

1986-ல் மோஸ்மன், காஃப்மன் என்ற ஆய்வாளர்கள் எலிச் செல்களில் டிஎச்-1, டிஎச்-2 என இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருமுறை பிரிந்தால் அப்புறம் மாறாது என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். ஆனால் டிஎச்-17 செல்லே அழற்சி உள்ள இடத்தில் டிஎச்-1 வேலைக்குத் தாவுவது பின்னால் தெரியவந்தது. போதாததற்கு, ஒரு வகை மற்றதை அமுக்கியும் வைக்கிறது. இன்டர்லூக்கின்-4 டிஎச்-17 உருவாவதைத் தடுக்கும். உங்கள் மகனின் ஊசி அந்த இன்டர்லூக்கின்-4 சமிக்ஞையையே அடைக்கிறது. பிடி தளர்ந்ததும் சிலருக்கு மட்டும் டிஎச்-17 கை ஓங்குகிறது. சொரியாசிஸுக்காக, டிஎச்-17 சுரக்கும் இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கரப்பான் வருவதும் உண்டு. அதனால்தான் இந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது.

படை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்குக் கரப்பான் பெரும்பாலும் முழங்கையின் உள்மடிப்பில் வரும். சொரியாசிஸ் வெளிப்பக்கம், எலும்பு முட்டும் இடத்தில் தடித்து நிற்கும். மேலே வெள்ளிபோலச் செதில், மெழுகைச் சுரண்டினதுபோல உதிரும். படர்தாமரையும் இப்படி ஏமாற்றும் என்பதால் செதிலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுவது நல்லது. சந்தேகம் தீராவிட்டால் சிறிய தோல் பயாப்ஸி (தோலில் துளி வெட்டியெடுத்துச் சோதிப்பது).

சொரியாசிஸ்தான் என்றால், பலருக்குக் கால்சிபோட்ரையால் என்ற வைட்டமின் டி வகை மருந்து கலந்த களிம்போடு அதே ஊசியைத் தொடர முடிகிறது. அடங்காவிட்டால் மருந்தை மாற்றலாம். மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதை நிறுத்தும்போது சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களோடு பொங்கி எழலாம். படையைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்து, அடுத்த ஊசி நாளுக்கு முன்பே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.