கட்சிச் செய்தியை வாட்ஸ்அப்பில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடிகிறது. அரசு தடுக்கிறதா?
இல்லை. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அனுப்பியவரிடமிருந்து ஐந்து கை, அதற்கு மேலும் மாறி வந்த செய்திக்கு அந்தக் குறி விழும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் போகும். எந்தக் கட்சி என்பது கணக்கில்லை. செய்தி என்க்ரிப்ட் ஆகியிருப்பதால் உள்ளே இருப்பதை வாட்ஸ்அப்பால் படிக்கவும் முடியாது.

2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் உட்படப் பல இடங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். மத்திய அரசு அப்போது வாட்ஸ்அப்பை நெருக்கியது உண்மைதான். எந்தச் செய்தியையும் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுக்குத்தான் ஃபார்வர்டு செய்யலாம் என்ற வரம்பு இந்தியாவில் வந்தது அந்த ஆண்டில். ஒரு சாட் வரம்பு 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகளுக்காக உலகம் முழுக்க வந்தது.

காப்பி செய்து ஒட்டினால் தடையே இல்லை. கட்சிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.