கேளுங்க அக்கா: உப்பும் மிளகும் விற்றவருக்கு ஒரு கணக்கு

கேள்வி: அக்கா, கில்ட் வார்ஸ் 2 என்ற ஆன்லைன் விளையாட்டில் நான் செஃப், அதாவது சமையல் தொழில். ஒன்றரை மாதமாக உப்பையும் மிளகையும் கலந்து 'சால்ட் அண்ட் பெப்பர்' செய்து, டிரேடிங் போஸ்ட் என்ற விளையாட்டுக்குள்ளான சந்தையில் விற்கிறேன். பாதி மிளகு நானே பறித்தது, போதாததை வாங்கிக்கொள்கிறேன். போட்டதும் போய்விடுகிறது, ஆனால் விற்கிற வேகத்துக்கு கோல்டு ஏறவே இல்லை. பறித்த மிளகு இலவசம்தானே? ஓட்டை எங்கே இருக்கிறது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நீங்கள் அந்த 'இலவசம்' என்ற சொல்லை எழுதியிருக்காவிட்டால் நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். பகலில் எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. இரவில் விளையாட உட்கார்ந்தாலும் அதே புத்திதான்.

முதலில் கமிஷன். டிரேடிங் போஸ்ட்டில் ஒரு பொருளைப் பட்டியலில் போடும்போதே 5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். விற்றதும் இன்னொரு 10. ஆக 100 காப்பருக்கு விற்றால் உங்கள் கைக்கு வருவது 85தான் (விளையாட்டின் காசில் 100 காப்பர் ஒரு சில்வர், 100 சில்வர் ஒரு கோல்டு). வாங்கக் காத்திருப்பவருக்கு உடனே தள்ளிவிட்டாலும் இந்த 15 போகும், அதில் சலுகை கிடையாது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். விலைகள் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இவற்றை எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிளகு 40 காப்பர், உப்பு 8 காப்பர், கலவையை 55-க்கு விற்கிறீர்கள். மிளகை வாங்கிச் செய்தால் அடக்கம் 48. ஏழு காப்பர் லாபம் என்று மனசு சொல்லும். ஆனால் 55-ல் 15 சதவீதம் கழிந்தால் வருவது 46.75. ஒன்றுக்கு ஒன்றேகால் காப்பர் நட்டம்! 250 விற்றால் 3 சில்வருக்கு மேல் கையை விட்டுப் போகிறது, அதுவும் இத்தனை கிளிக் செய்த பிறகு.

நீங்களே பறித்த மிளகுக்கு வேறு கணக்கு. அதைப் பச்சையாக 40-க்கு விற்றிருந்தால் கமிஷன் போக 34 கிடைத்திருக்கும். அந்த 34-ஐ விட்டுக்கொடுத்துத்தான் கலவை செய்கிறீர்கள். ஆகவே அடக்கம் 34-உம் 8-உம் சேர்ந்து 42. கைக்கு வருவது 46.75. ஒன்றுக்கு நாலே முக்கால் காப்பர் மிஞ்சுகிறது. நீங்கள் நினைத்த 47 அல்ல, நாலே முக்கால். மூலிகைச் செடியில் அரிவாளைப் போட்ட நேரம் உங்களுடையது, அதற்கு விலை உண்டு.

அதாவது உங்கள் கடையில் ஒரு பாதி சம்பாதிக்கிறது, மறு பாதி அதைத் தின்கிறது. வாங்கிய மிளகையும் பறித்த மிளகையும் பையில் ஒன்றாகக் கொட்டிவிட்டதால் இது கண்ணில் படவில்லை. இனிமேல் அடக்கத்தை 1.18-ஆல் பெருக்குங்கள். அதற்குக் கீழே விலை இருந்தால் செய்யாதீர்கள். 48-க்கு 57 வேண்டும், 42-க்கு 50 போதும். மிளகை நேரடியாக வாங்காமல், குறைந்த விலைக்கு வாங்குவதாக ஆர்டர் போட்டு ஓரிரு நாள் காத்திருந்தாலும் அந்த இடைவெளி அடைபடும்.

கேள்வி: என்ன செய்தால் அதிகம் விற்கும், அக்கா? சாப்பாடா, அதற்கு முந்தைய பொருள்களா?
- இப்போதுதான் செஃப் ஆன தம்பி

பதில்: சாப்பாட்டை வாங்குகிறவர் சண்டைக்குப் போகிறவர். சமையல் பொருளை வாங்குகிறவர் இன்னொரு செஃப். இந்த வித்தியாசம் மண்டையில் ஏறினால் பாதி வேலை முடிந்தது.

செஃப் தொழிலில் பெரும்பாலான சமையல் குறிப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு பொருள் வரை வைத்துக் கலந்து பார்க்கிற அந்த இடத்தில், புதுக் குறிப்பு ஒவ்வொன்றும் அனுபவப் புள்ளி தரும். லெவல் ஏற்றுகிற ஆள் அங்கே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றிலும் ஒன்று இரண்டு கேட்பார். மாவையும் வெண்ணெயையும் சேர்த்து 'ரூ' (roux) என்ற கலவையைச் செய்ய அவருக்குத் தெரியும், ஆனால் அதற்காகத் திரும்ப ஓடப் பொறுமை இருக்காது. நீங்கள் அவருக்கு விற்பது 'ரூ' அல்ல, அந்த ஓட்டத்தைத்தான்.

இன்னொருவர் கும்பலுக்கு விருந்து தயாரிப்பவர். அவர் நூற்றுக்கணக்கில் வாங்குவார், ஆனால் ஒரு காப்பருக்கும் கணக்குப் பார்ப்பார். லெவல் ஏற்றுகிறவருக்காகச் சரக்கைக் கொஞ்சமாக, விலையைச் சற்றுத் தூக்கி வையுங்கள். விருந்துக்காரருக்கு மொத்தமாகக் கொடுங்கள். பல குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற பொருளாக எடுத்துக்கொண்டால் இருவருமே உங்களிடம் வருவார்கள். ஒரே ஒரு பலகாரத்தில் மட்டும் வருகிற பொருளை நான் தொடுவதே இல்லை, அது பெட்டியில் தூங்கும்.

கேள்வி: நான் ஒரு விலை போட்டால், உடனே ஒருவர் ஒரு காப்பர் குறைத்துப் போடுகிறார். நானும் எடுத்துவிட்டு மறுபடி போடலாமா?
- கோபக்கார வாசகர்

பதில்: போடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த 5 சதவீதத்தை மறுபடி கட்ட வேண்டும். முன்பு கட்டியது திரும்பி வராது. நாலு முறை எடுத்துப் போட்டால் விற்றாலும் விற்காவிட்டாலும், முதலில் போட்டதையும் சேர்த்து மொத்தம் 25 சதவீதம் பட்டியல் போட்டதற்கே அழுதிருப்பீர்கள். ஒரு காப்பர் குறைத்தவர் மேல் கோபப்பட்டு நீங்கள் அபராதம் கட்டுவானேன்?

250-ஐ ஒரே மூச்சில் போடாதீர்கள். 50, 60 என்று போடுங்கள். குறைத்துப் போட்டவர் சரக்கு தீர்ந்ததும் உங்களுடையது தானாக முன்னுக்கு வரும், பட்டியலுக்குக் காலாவதி கிடையாது. அமெரிக்க சர்வரும் ஐரோப்பிய சர்வரும் ஒரே டிரேடிங் போஸ்ட்டைத்தான் பயன்படுத்துகின்றன. நீங்கள் தூங்கும்போதும் எங்கோ ஒருவர் லெவல் ஏற்றிக்கொண்டுதான் இருப்பார்.

இதில் நான் கட்டிய பெரிய அபராதம் வேறு. ஒரு இரவு தூக்கக் கலக்கத்தில் 250 உருப்படிக்குத் தலா 1 சில்வர் 20 காப்பர் போட வேண்டிய இடத்தில் 12 சில்வர் என்று போட்டுவிட்டேன். மொத்தம் 3 கோல்டு மதிப்புள்ள சரக்கு 30 கோல்டு என்று பட்டியலில் ஏறியது. யார் வாங்குவார்? எடுத்துவிட்டேன். ஆனால் பட்டியல் கட்டணம் 15 சில்வருக்குப் பதிலாக 1 கோல்டு 50 சில்வர் போய்விட்டது. பாதி சரக்கின் விலை! பொத்தானுக்குப் பக்கத்திலேயே கட்டணத்தைத் தெளிவாகக் காட்டியிருந்தது. பார்க்காதது நான்தான். அன்றிலிருந்து அந்த எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகுதான் பொத்தானை அழுத்துகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

கேள்வி: ஒருவர் என் கோல்டை நிஜப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர்

பதில்: வேண்டாம். விதிப்படி தவறு, உங்கள் விளையாட்டுக் கணக்கே முடங்கும். விளையாட்டுக்குள்ளேயே கோல்டைக் கொடுத்து ஜெம் (விளையாட்டுக் கடையில் செலவழிக்கிற காசு) வாங்க வழி இருக்கிறது, அதில் உடையோ பை இடமோ வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதலில் வாங்கியது பை இடம்தான். அதில் இப்போது பறித்த மிளகு ஒரு பக்கம், வாங்கிய மிளகு இன்னொரு பக்கம்.