வாசல் மணியும் படித்த பக்கமும்: சிஸ்டம் லாக் மாற்றங்களைக் கண்டறியும் ஏபிஐகள் பற்றிக் கேள்வி பதில்

கணினியில் நடப்பவற்றை இயங்குதளம் குறித்துவைக்கும் சிஸ்டம் லாக்கில் புதிதாக ஒரு பதிவு விழுந்ததும் நம் புரோகிராமுக்குத் தெரிய வேண்டும். அதற்கு இயங்குதளம் தரும் ஃபங்ஷன்கள்தான் இங்கே சொல்லும் ஏபிஐகள். கேட்க எளிதான வேலை, செய்ய உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். இதோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், விண்டோஸில் 'நோட்டிஃபை சேஞ்ச் ஈவென்ட் லாக்' ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறேன். சோதனைக்காகப் பத்துப் பதிவுகளை அடுத்தடுத்து எழுதினேன். சிக்னல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. எங்கே தப்பு?

உங்கள் கோடில் தப்பில்லை. அது அப்படித்தான் வேலை செய்யும். 5 விநாடிக்கு ஒரு தடவைக்கு மேல் அது சிக்னல் கொடுக்காது என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணத்திலேயே இருக்கிறது. அந்த இடைவெளியில் பத்துப் பதிவு வந்தாலும் பத்தாயிரம் வந்தாலும் உங்களுக்கு ஒரே தட்டுதான்.

வாசல் மணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனை பேர் என்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாகப் படித்த பதிவின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். சிக்னல் வந்ததும் அதற்கு அடுத்ததிலிருந்து ஆரம்பித்து, இனி எதுவும் இல்லை என்று ஏபிஐ சொல்லும்வரை படியுங்கள்.

இன்னொரு வில்லங்கம்: உள்ளே நடப்பது 'பல்ஸ் ஈவென்ட்'. அந்தக் கணத்தில் காத்துக்கொண்டிருக்கும் த்ரெட்டை (புரோகிராமுக்குள் தனியே ஓடும் இழையை) மட்டும்தான் அது எழுப்பும். உங்கள் த்ரெட் அப்போது பழைய பதிவைப் படித்துக்கொண்டிருந்தால் மணி காதில் விழாது. அதனால் காலவரையின்றிக் காத்திருக்காமல், பத்து விநாடி போல ஒரு கெடு வையுங்கள். கெடு முடிந்தாலும் ஒரு எட்டுப் போய் எட்டிப் பாருங்கள்.

கேள்வி: அதே ஃபங்ஷன், ஆனால் நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியின் லாக். ஹேண்டில் (லாக்கையோ பதிவையோ குறிக்க இயங்குதளம் தரும் அடையாளம்) செல்லாது என்று பிழை வருகிறது.

உள்ளூர்க் கணினியின் லாக்குக்கு மட்டும்தான் அது. கீழே சொல்லும் 'ஈவிடி சப்ஸ்கிரைப்' தொலைவில் உள்ள கணினிக்கும் ஆகும், அதற்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: 'ஈவிடி சப்ஸ்கிரைப்' நல்லதா? அதன் கால்பேக்குக்குள்ளேயே (பதிவு வந்ததும் விண்டோஸ் அழைக்கும் நம் ஃபங்ஷனுக்குள்ளேயே) டேட்டாபேஸில் எழுதிவிடலாமா?

நல்லது. விஸ்டா முதல் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் பழைய ஃபங்ஷன் பக்கமே போக வேண்டாம். எந்தப் பதிவுகள் வேண்டும் என்று எக்ஸ்பாத் என்ற தேடல் மொழியில் வடிகட்டிக் கேட்கலாம். பதிவு தன்னாலேயே கால்பேக்குக்கு வரும்படியும் வைக்கலாம், சிக்னல் வந்ததும் நாமே போய் எடுக்கும்படியும் வைக்கலாம்.

டேட்டாபேஸ் எழுத்து இழுக்கும் வேலை. அப்படிப்பட்ட வேலைக்கு நான் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். கால்பேக்தான் வேண்டும் என்றால், பதிவை எக்ஸ்எம்எல் (குறிகளிட்ட உரை) ஆக்கி ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். ஹேண்டிலை அப்படியே வரிசையில் போட்டுவிடாதீர்கள். கால்பேக் முடிந்ததும் அதற்கு உயிர் இருக்காது. அதை நீங்களே மூடவும் கூடாது.

இந்த ஏபிஐயில் எனக்குப் பிடித்தது புக்மார்க். எதுவரை படித்தோம் என்ற அடையாளத்தை எக்ஸ்எம்எல் துண்டாக எடுத்து டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் விழுந்து எழுந்தால் 'புக்மார்க்குக்குப் பின்னாலிருந்து' என்று கேட்டால் போதும். பதிவை வேலைக்குப் பயன்படுத்தி முடித்த பிறகு சேமியுங்கள், முன்னால் அல்ல. முன்னால் சேமித்துவிட்டு நடுவில் விழுந்தால் ஒரு பதிவு தொலையும். பின்னால் சேமித்தால் ஒரு பதிவு இரண்டு முறை வரலாம். இரட்டிப்பைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம், தொலைந்ததை எங்கே தேடுவீர்கள்?

சப்ஸ்கிரைப் செய்யும்போது 'ஸ்ட்ரிக்ட்' கொடியையும் (கண்டிப்பாக நடந்துகொள் என்ற விருப்பத்தையும்) சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸ் லாக் நிரம்பியதும் பழையதின் மேலேயே எழுதுவது வழக்கம். உங்கள் புக்மார்க் குறிக்கும் பதிவே அப்படி அழிந்துபோயிருந்தால், இந்தக் கொடி இருந்தால்தான் பிழை என்று சொல்லும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: அண்ணா, லினக்ஸில், ஃபைல் மாற்றங்களைத் தெரிவிக்கும் இன்நோட்டிஃபை வைத்து ஒரு லாக் ஃபைலைக் கவனிக்கிறேன். பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு நிகழ்வும் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது.

லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும் கருவி). நேரத்தைச் சொன்னபோதே தெரிந்துவிட்டது தம்பி.

இன்நோட்டிஃபை (2005இல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.13 பதிப்போடு வந்தது) பெயரைக் கவனிப்பதில்லை, டிஸ்கில் அந்த ஃபைலின் உள் அடையாளமான ஐநோடைக் கவனிக்கிறது. நள்ளிரவில் பழைய ஃபைலுக்கு வேறு பெயர் வைக்கப்பட்டு, அதே பெயரில் புதியது பிறக்கிறது. நீங்கள் பெயர் மாறிப்போன கிழவரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஃபைலோடு அது இருக்கும் அடைவையும் கவனியுங்கள். அங்கே உருவாக்க நிகழ்வோ, உள்ளே நகர்த்தப்பட்ட நிகழ்வோ உங்கள் பெயரோடு வந்தால் புதியதைத் திறக்க வேண்டும்.

இங்கே நான் ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். பெயர் மாறியது என்ற நிகழ்வு வந்ததுமே பழைய ஃபைலை மூடிவிட்டேன். ஆனால் லாக் எழுதும் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), திரும்பத் திற என்று சிக்னல் வரும்வரை, பெயர் மாறிய அந்தப் பழைய ஃபைலிலேயேதான் எழுதிக்கொண்டிருக்கும். அந்தச் சில நொடி வரிகள் ஒவ்வொரு இரவும் காணாமல் போயின. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பழையதைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்து, கடைசிவரை வடித்துவிட்டு மூடுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் கண்காணிப்பைப் போடுங்கள், பிறகு ஃபைலைக் கடைசிவரை படியுங்கள். மாற்றிச் செய்தால் படித்து முடித்ததற்கும் கண்காணிப்புத் தொடங்கியதற்கும் நடுவில் விழும் வரி, அடுத்த வரி வரும்வரை தெரியாது. படித்தது புதுவரிக் குறியில் முடியாவிட்டால் அந்த அரை வரியைக் கையில் பிடித்து வைத்திருங்கள். மீதி அடுத்த படிப்பில் வரும்.

கேள்வி: எங்கள் சர்வரில் 'காப்பிட்ரன்கேட்' முறை. அதற்கும் இதுதானா?

இல்லை. அங்கே ஐநோட் மாறாது, ஃபைலைப் பிரதி எடுத்துவிட்டு அசலைக் காலி செய்கிறார்கள். நீங்கள் படித்து நிறுத்திய இடத்தைவிட ஃபைலின் அளவு சிறியதாகிவிட்டால், முதலிலிருந்து படியுங்கள். காலியான ஃபைல், நீங்கள் பார்ப்பதற்குள் பழைய அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். அதற்குத்தான் ஃபைலின் முதல் சில நூறு பைட்டுகளின் ஹாஷை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒரு எண்ணை) வைத்து ஒப்பிடுவார்கள். பிரதி எடுத்ததற்கும் காலி செய்ததற்கும் இடையே எழுதப்பட்ட வரியை யாராலும் மீட்க முடியாது. முடிந்தால் இந்த முறையையே கைவிடுங்கள்.

கேள்வி: நிகழ்வுகள் மிக வேகமாக வந்தால் இன்நோட்டிஃபை என்ன செய்யும்?

வரிசை நிரம்பினால் கொட்டிவிடும். வழக்கமான வரம்பு 16,384 நிகழ்வுகள். நிரம்பி வழிந்தது என்று ஒரு தனி நிகழ்வு, கண்காணிப்பு எண் -1 என்று வரும். அதைப் பார்த்தால் எல்லா ஃபைலையும் ஒரு சுற்றுச் சரிபாருங்கள்.

கேள்வி: சிஸ்டம்டி ஜர்னல் (பல லினக்ஸ்களில் உள்ள லாக் வசதி) ஃபைல்களையும் இன்நோட்டிஃபை வைத்தே பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். அது பைனரி வடிவம். கூடவே சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. ஜர்னல் எம்மேப் வழியாக, அதாவது ஃபைலை நினைவகத்தில் விரித்து அதில் எழுதுகிறது. எம்மேப் எழுத்துகள் இன்நோட்டிஃபை கண்ணில் படாது. அதனால் ஜர்னலை எழுதும் டீமனான ஜர்னல்டி எழுதிய பின், ஃபைலை அது ஏற்கெனவே இருக்கும் அளவுக்கே 'வெட்டுகிறது'. ஒரு பைட்டும் குறையாது, ஆனால் மாற்ற நிகழ்வு கிளம்பிவிடும். இந்தக் குறுக்குவழியை நான் முதன்முதலில் அதன் மூல நிரலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

உங்களுக்கு வேண்டியது 'எஸ்டி ஜர்னல் வெயிட்'. மூன்றில் ஒன்றைத் திருப்பும்: மாற்றமில்லை, புதிது சேர்ந்தது, ஜர்னல் ஃபைல்களே கூடின அல்லது குறைந்தன. மூன்றாவதைப் பலர் கண்டுகொள்வதில்லை, ரொட்டேஷன் நடந்த அன்று மாட்டிக்கொள்கிறார்கள். புக்மார்க்குக்கு இங்கே கர்சர் என்று பெயர். கர்சருக்குத் தாவியதும் 'நெக்ஸ்ட்' அழைத்தால் வருவது ஏற்கெனவே படித்த அதே பதிவாக இருக்கலாம். கர்சரை ஒப்பிடும் ஃபங்ஷன் தனியாக உண்டு, அதை வைத்துச் சரிபார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: லாக் ஃபைல் என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபைல் அமைப்பில்) இருக்கிறது. நிகழ்வு வருமா?

வேறு கணினி எழுதுவது உங்கள் கர்னலுக்குத் தெரியாது, நிகழ்வும் வராது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை அளவைப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: அப்படியென்றால் எல்லா இடத்திலும் அதையே செய்துவிட்டால் என்ன? ஏன் இவ்வளவு பாடு?

தாராளமாகச் செய்யலாம். நான்கைந்து ஃபைல், ஒரு விநாடி தாமதம் பரவாயில்லை என்றால், விநாடிக்கு ஒருமுறை, ஃபைலின் அளவைச் சொல்லும் 'ஸ்டாட்' அழைப்பது சிபியூவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எங்கே நிறுத்தினோம் என்ற கணக்கைச் சரியாக வைத்திருக்கும் எளிய புரோகிராம், அந்தக் கணக்கே இல்லாத நவீன புரோகிராமைவிட எனக்கு உசத்தி. ஆயிரக்கணக்கில் ஃபைல்கள், பேட்டரியில் ஓடும் கருவி என்று வரும்போது நிகழ்வு வழிக்குப் போங்கள்.

கேள்வி: மேக்கில்?

சாதாரண உரை ஃபைல் என்றால், மாற்றங்களைத் தெரிவிக்கும் கேக்யூ என்ற வசதி. 2016இல் வந்த ஒருங்கிணைந்த லாக் என்றால் 'லாக் ஸ்ட்ரீம்' கட்டளையைத் துணை புரோசஸாக ஓட்டி அதன் வெளியீட்டைப் படிப்பது சுலபம்.

கேள்வி: யாராவது லாக்கையே திருத்தினால் அல்லது அழித்தால் கண்டுபிடிக்க முடியுமா?

விண்டோஸில் செக்யூரிட்டி லாக்கைத் துடைத்தால், துடைத்த பின் அதிலேயே 1102 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். சிஸ்டம் லாக்கில் அது 104. இந்த இரண்டுக்கும் தனியாகச் சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்.

லினக்ஸில் இன்நோட்டிஃபை மாறியது என்று சொல்லும், யார் மாற்றியது என்று சொல்லாது. அதைப் போன்ற இன்னொரு கர்னல் வசதியான ஃபேன்நோட்டிஃபை, மாற்றிய புரோசஸின் எண்ணையும் தரும், ஆனால் முழுப் பயனுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். ஜர்னலில், பின்னால் திருத்தினால் தெரியும்படி முத்திரையிடும் வசதி இருக்கிறது, வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை முத்திரை விழும். சரிபார்க்கும் சாவியை அதே கணினியில் வைத்துவிட்டால் பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதைதான். ரூட் உரிமையை (முழு நிர்வாகி உரிமையை) கைப்பற்றியவர் உங்கள் கண்காணிப்பு புரோசஸையே கொன்றுவிடலாம். எனவே பதிவு விழுந்த கையோடு இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடுங்கள். இங்கிருந்து அங்கே போகவேண்டிய பதிவுகள் திடீரென்று நின்றாலும் அங்கே எச்சரிக்கை அடிக்கும்படி வையுங்கள்.